அந்தத் தரையில் இருப்பது ஓதம் இல்லை

கண்ணு,

"ஏம்மா?" என்று நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "வேணாம்னா வேணாம், அந்த ஷீட்ட மட்டும் ஒட்டாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும், வரத்தான் செய்யும். நீ கட்டுகிற புது வீட்டுக்காகத் திண்டிவனத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, மரப்பலகை மாதிரியே ரேகை ஓடும் தரையாகப் பார்த்து, வாட்ஸப்பில் படம் அனுப்பி, "குழந்தை ரூமுக்கும்மா, எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாய். நான் முதலில் ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பினேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டு வேண்டாம் என்றேன். எவனுக்குத்தான் எரிச்சல் வராது? "நீ எப்பவும் இப்படித்தாம்மா. காரணம் சொல்ல மாட்ட, ஆர்டர் மட்டும் போடுவ" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். காரணம் இருக்கிறது. ஆறு வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் நின்ற கால், இப்போது பத்து நிமிடம் உட்கார்ந்தாலே மரத்துப்போகிறது. விட்டு விட்டு எழுதுகிறேன், நீயும் விட்டு விட்டுப் படி.

நம் விழுப்புரம் வீட்டின் பின்னறையில் தரை முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுப்பாக இருக்கிறதே, ஓசூர் வேலையை விட்டு நீ ஊருக்கு வந்த புதிதில் அது என்ன என்று கேட்டாய். மண்ணிலிருந்து ஈரம் ஏறி ஓதம் அடித்துவிட்டது என்று சொன்னேன். நீயும் நம்பி, ஓதத்துக்கு ஏதோ மருந்து இருக்கிறது என்று ஒரு டப்பா வாங்கி வந்து தடவினாய். ஞாயிற்றுக்கிழமை பூராவும் முட்டி போட்டு நீ தடவியதை நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. எப்படிப் போகும்? அது ஓதம் இல்லை கண்ணு, பசை. நீ இப்போது குழந்தை அறைக்கு வாங்கப்போகிறாயே, அதே மாதிரி ஒரு ஷீட்டை அந்த அறையில் ஒட்டி, பிறகு பிய்த்தெடுத்த இடத்தில் மிச்சம் நின்ற பசை.

உன் அக்கா செல்விக்குத் தலைப்பிரசவம் நம் வீட்டில் என்று முடிவானபோது நீ ஓசூரில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தாய். கார்த்திகையில் வளைகாப்பு. தாம்பரத்திலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். வளையல் அடுக்கி முடிந்ததும், பிள்ளை பெற்றவள் படுக்கப்போகிற அறையைப் பார்க்கலாம் என்று எழுந்து வந்தார். சிமெண்டுத் தரை, குறுக்கே ஒரு வெடிப்பு. காலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, "தரை இன்னா இப்டி சில்லுனு கீது? வெடிப்புல பூச்சி கீச்சி வராதா? நாங்க அங்க புள்ளைக்கு ஏசி ரூமே ரெடி பண்ணிட்டோம்" என்றார். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொன்னவர் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார், அடுத்த நிமிடம் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சின்ன வயதில் நான் மல்லாட்டைக் கடலை உடைக்கப் போன வீடுகளில் எங்களைக் களத்தோடு நிறுத்திவிடுவார்கள். உள்ளே வழுவழுவென்று சிவப்பாக ஒரு தரை இருப்பதை, தண்ணீர் கேட்கப் போகும்போது நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லை. என் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில், என் தரையை ஒருத்தி காலால் தேய்த்துப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே யோசி. இதை நியாயம் என்று சொல்லவில்லை. எதனால் அப்படி ஆடினேன் என்று சொல்கிறேன்.

மறுவாரமே கடைக்குப் போய் மரக்கலர் ஷீட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒட்டுவதற்கு ஏழுமலை என்று ஒருவரை அனுப்பினார்கள். தகர டின்னைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறி, நடுக்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஏழுமலை கண்ணெல்லாம் சிவக்கச் சிவக்க உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் ஒட்டி முடித்தார். எழுந்து நின்று பார்த்தால் அறையே வேறு வீட்டு அறை மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "யம்மா, ஜன்னல் கதவு எல்லாத்தையும் தொறந்து போட்டு வையுங்க. ஒரு மாசம் போல காத்தாடட்டும். ஒட்டுற கம்மு நெடி ஜல்தியா போவாது. ஆளு படுக்க வாணாம். கைக்கொழந்தய உள்ள வுடவே வுடாதீங்க." சரி சரி என்று தலையை ஆட்டினேன். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்ற தைரியம். தவிர, புது வீட்டுக்கும் புதுத் துணிக்கும் வாசனை இருப்பது போல இதுவும் புதுசின் வாசனை, கொண்டாட வேண்டியது என்றுதான் நினைத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து, "புது வாசனை ஜம்முனு அடிக்குது" என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செல்விக்கு நாள் தள்ளிப்போகும் என்று எதிர்பார்த்தோம், இரண்டு வாரம் முந்திக்கொண்டது. மார்கழி பிறந்த மூன்றாம் நாள் உன் மருமகள் நிலா பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த அறைக்குத்தான் கொண்டுவந்தோம். பிள்ளை பெற்ற உடம்பை நம் ஆட்கள் எப்படி வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். பச்சை உடம்பு, பனிக்காற்று படக்கூடாது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியது போதாது என்று இடுக்கில் என் பழைய புடவையைக் கிழித்து அடைத்தேன். காலையும் மாலையும் சாம்பிராணி போட்டு, கதவையும் மூடினேன். வேறு எந்தத் தரையாக இருந்தாலும் பரவாயில்லை. கார்த்திகையில் ஒட்டிய தரையை மார்கழியில் மூடி வைத்து, அதற்குள் ஒரு வாரக் குழந்தையை வைத்தேன். சத்துணவுக் கூடத்தில் விறகுப் புகையில் வெந்தவள் நான். கண்ணில் தெரிகிற புகைக்குத்தான் பயப்படத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் தரையிலிருந்து ஒன்று எழும்பிக்கொண்டே இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தலை வலிக்குதும்மா, கண்ணு எரியுது, கொஞ்ச நேரம் கதவத் தொறயேன்" என்று செல்வி சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். "புள்ள பெத்தவளுக்குத் தல வலிக்காம என்னா செய்யும்?" என்று வாயை அடைத்தேன். உன் அப்பா ஒரு தடவை, "அந்த ரூம்ல நாத்தம் தாங்கல, ஜன்னல தொற" என்றார். "முப்பது வருஷம் பஸ்ல டீசல் புகய மோந்துக்கினு வந்த மூக்குக்கு இதுதான் நாத்தமா?" என்று எகிறினேன். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பன்னிரண்டாம் நாள் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. நெஞ்சுக்கூடு குழி விழுந்து விழுந்து எழுந்தது. அந்த நேரத்தில்கூட என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "நேத்து தயிர் சோறு தின்னியா? சாத்துக்குடி குடிச்சியா? உன் பாலு வழியா புள்ளைக்கு சளி எறங்கிடுச்சு." அவள் சாப்பிட்டது ஒரே ஒரு சாத்துக்குடி. ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் வீட்டுக்காரர் உரித்துக் கொடுத்தது.

பெரிய டாக்டரிடம் காட்டினோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது நான் மட்டும்தான். செல்வியால் நடக்க முடியவில்லை, வெளியே பெஞ்சில் சம்பந்தியம்மா தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுகூட இருக்காது. குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "குழந்தை படுக்கிற ரூம்ல புதுசா பெயிண்ட் அடிச்சீங்களாம்மா? தரை ஒட்டுறது, அலமாரி செய்யறது, எதுனா வேலை நடந்துச்சா?" அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழுமலை சொன்னது, உன் அப்பா சொன்னது, செல்வி சொன்னது, மூன்றும் சேர்ந்து வந்து என் முன்னால் நின்றன. ஆமாம் என்று சொன்னால் இந்தம்மா எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுவார், வெளியே இருக்கிற சம்பந்தியம்மா காதில் விழும், அவர் தேய்த்துப் பார்த்த தரைக்குப் பதில் நான் போட்ட தரை இப்படிச் செய்தது என்று ஆகும். "இல்லீங்க டாக்டர், பழைய வீடுங்க" என்று சொன்னேன். வெளியே வந்ததும் செல்வி, "டாக்டர் என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டாள். "வாயக் கட்டணுமாம்" என்றேன். டாக்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களை நான் பின்னறைக்குள் விடவில்லை. "திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கினுக்கீறேன், கூடத்துல சாமி படத்துக்குக் கீழதான் புள்ள படுக்கணும்" என்று ஒரு கதையைக் கட்டி, நடுக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் பாயும் ஜமக்காளமும் போட்டுப் படுக்க வைத்தேன். அதிலும் ஒரு வெடிப்பு உண்டு. ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தேன். ஒரு வாரத்தில் குழந்தையின் மூச்சு சீரானது. செல்விக்குத் தலைவலியும் நின்றது. எல்லாரும் அம்மன் அருள் என்றார்கள், மூன்றாம் மாதம் திருவக்கரைக்குப் போய் வேண்டுதலையும் முடித்தோம். அங்கே கல்லாகிப்போன மரங்களைக் காட்டி, "பாக்க மரம் மாதிரியே கீதே, தொட்டா கல்லு" என்று சம்பந்தியம்மா அதிசயப்பட்டார். எனக்கு வீட்டில் மரம் மாதிரியே கிடந்த பிளாஸ்டிக் ஞாபகம் வந்து, தலையைக் குனிந்துகொண்டேன். செல்வி தாம்பரம் போன மறுநாளே ஏழுமலையைக் கூப்பிட்டுத் தரையைப் பிய்க்கச் சொன்னேன். அவர் பிய்த்துக்கொண்டே, "அன்னிக்கே சொன்னேனேம்மா. நீங்க எல்லாரும் ஒரே மாதிரிதான். விசேஷத்துக்கு முன்னாடி கடைசி வேலையா எங்கள கூப்புடுவீங்க, மறுநாளு குடும்பத்தோட உள்ள படுப்பீங்க. எங்களுக்குத்தான் பேஜாரு" என்றார். இருமிக்கொண்டேதான் சொன்னார்.

நிலாவுக்குப் பனிக்காலத்தில் இப்போதும் இழுக்கிறது. பையில் எப்போதும் மூச்சு மருந்து இழுக்கிற அந்த நீலக் குழாய் இருக்கிறது. அது அந்தத் தரையால் வந்ததா, அவள் உடம்புவாகா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை. ஆனால் கேட்ட டாக்டரிடம் பொய் சொன்னவள் நான். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இத்தனை நாள் சொல்லாதவள் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் வல்லத்தில் கவிதாவுக்கு அவள் தாய்வீட்டில் நடந்த வளைகாப்புதான் காரணம். நீ பந்தியில் நின்றாய். நான் குங்குமத் தட்டோடு உள்ளே போனேன். செல்வி உன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். "கவிதா, சாப்பாட்டு விஷயத்துல மட்டும் யாரு என்னா சொன்னாலும் கேட்டுக்க. நான் நாக்க அடக்காம ஒரு சாத்துக்குடி தின்னேன். என் புள்ள இன்னிக்கும் மூச்சுக்கு அல்லாடுது. என்னை மாதிரி பண்ணிடாத." அழாமல், ரொம்ப நாள் பழகிப்போன ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். ஆறு வருடமாக, பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் அவள் அந்த ஒரு பழத்தை நினைத்திருக்கிறாள். இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டதற்கு வேலைதான் காரணம் என்று நாம் நினைத்தோம் இல்லையா? எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்னம்மா ஒரு மாதிரி இருக்க என்று நீ கேட்டதற்கு வெயில் என்றேன். ஓதம், வெயில், அம்மன். எனக்குப் பொய்க்குப் பஞ்சமே இல்லை.

இனி உன் தரைக்கு வருகிறேன். நீ படம் அனுப்பிய அன்று பரணில் இருந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கினேன். ஒட்டியது போக மிஞ்சிய ஒரு துண்டு, கிழிந்தால் ஒட்டுப்போட ஆகும் என்று அதில் போட்டு வைத்திருந்தது. மூடியைத் திறந்தேன். ஆறு வருடத்துக்கு அப்புறமும் அந்த நெடி மூக்கில் ஏறியது. அப்புறம்தான் உனக்கு போன் பண்ணினேன். நீயும் எதை வாங்குவதாக இருந்தாலும் ஒரு துண்டு கேட்டு வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் மூடி ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டுத் திறந்து மோந்து பார். நெடி அடித்தால் அந்தப் பக்கமே போகாதே. நெடி இல்லை என்பதற்காக நல்லது என்று அர்த்தமும் இல்லை. சிலது வாசனையே காட்டாமல் வருமாம். அதனால் கடைக்காரரிடம், இதிலிருந்து காற்றில் என்ன கலக்கிறது, எவ்வளவு என்று சோதித்த காகிதம் இருக்கிறதா என்று கேள். ஷீட்டுக்கு மட்டும் காட்டுவார்கள், ஒட்டுகிற பசைக்கும் கேள். காட்டவில்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

என்னைக் கேட்டால், குழந்தை அறைக்குச் சொரசொரப்பான டைல்ஸோ, கடப்பைக் கல்லோ, வழவழவென்று இழைத்த சிவப்புச் சிமெண்டோ போதும். சில்லென்று இருக்கும் என்பாய், இருக்கட்டும், மேலே பருத்தி ஜமக்காளம் போட்டுக்கொள்ளலாம், துவைத்து வெயிலில் காயப்போடலாம். ஒட்டின தரையைத் துவைக்க முடியுமா? மரம்தான் வேண்டும் என்று கவிதா ஆசைப்பட்டால் பசையில்லாமல் ஒன்றோடொன்று மாட்டுகிற பலகை இருக்கிறது, அதற்கும் அந்தக் காகிதத்தைப் பார்த்து வாங்கு. அலமாரிக்குப் பலகை அடிப்பவரிடமும் இதே கேள்வியைக் கேள். பெயிண்டுக்கும்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, தரையைக் கடைசி வேலையாக வைக்காதே. ஆவணிக் கடைசியில் பால் காய்ச்சி, அன்றைக்கே குழந்தையையும் நேராகப் புது வீட்டுக்குக் கூட்டிவருவது என்று முடிவு செய்திருக்கிறாய். தரை வேலையை ஆனிக்குள் முடித்துவிடு. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், அந்த மாதத்தை வீணாய்ப்போன மாதம் என்று எல்லாரும் சபித்துக்கொண்டிருப்பார்கள். உனக்கு அதுதான் நல்ல மாதம். எல்லா ஜன்னலையும் திறந்து போடு, ஆடிக் காற்று வந்து வீட்டைக் கழுவிவிட்டுப் போகட்டும். தூசு வரும், வந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குழந்தை வந்ததும் ஜன்னலைச் சாத்தச் சொல்லி நானே வந்து கத்துவேன். இவ்வளவு எழுதியவளாயிற்றே என்று நம்பிவிடாதே. பனி, மழை, பச்சை உடம்பு என்று ஏதாவது சொல்லுவேன், பழக்கம் அப்படி. அப்போது சண்டை போடாமல் இந்தக் கடிதத்தை எடுத்து என் கையில் கொடு.

இதை நான் தபாலில் போடவில்லை, போனில் படம் பிடித்தும் அனுப்பவில்லை. உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கும் தெரியும்டி, நானும்தான் சொல்லல" என்றார். காலையில் அவர் இதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். திண்டிவனம் தாண்டித்தான் பஸ் போகும், உன் புது வீட்டுப் பக்கமாகவேதான் போகும். ஆனால் அவர் அங்கே இறங்க மாட்டார். தாம்பரம் போய் செல்வி கையில் கொடுப்பார். அவள் படிக்கட்டும், படித்துவிட்டுக் கிழித்துப் போட நினைத்தால் போடட்டும், அது அவள் உரிமை. உனக்குக் கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடுக்கட்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். தரையை ஒட்டாதே என்பதை உன்னிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், அதனால் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆகவே, இந்தக் காகிதம் உன் கையில் இருக்கிறது என்றால், அதைக் கொடுத்தது உன் அக்கா. அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அவள் உன் வீட்டுக்கு வந்திருந்தால், ஒரு சாத்துக்குடியை உரித்து அவள் கையில் கொடு. அவள் சாப்பிட்டாளா என்று மட்டும் சொல்.

அம்மா